முகத்தை விட்டுவிட்டு முதுகை வரையுங்கள்: குடும்பக் கேம்ப்பில் ஒரு ஸ்கெட்ச் புத்தகம்

கேள்வி சுருக்கமாக இதுதான். கோடை விடுமுறையில் தாத்தா பாட்டி தொடங்கி தவழும் குழந்தை வரை பதினைந்து பேர், ஒரே குடும்பம், ஏரிக்கரையில் கூடாரம் போட்டு நான்கு நாள் தங்கப் போகிறார்கள். ‘போட்டோ எடுக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு வரைந்து வைக்க ஆசை. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன பழக்கம். முகம் வரைந்தால் யாரென்று எனக்கே தெரிவதில்லை. குழந்தைகள் ஒரு நிமிடம் உட்கார மாட்டார்கள். மலையையும் ஏரியையும் பார்த்தால் எங்கே தொடங்குவதென்றே புரியவில்லை. என்ன எடுத்துப் போகலாம், எப்படி ஆரம்பிக்கலாம்?’

குடும்பத்தோடு இப்படி வெளியே தங்கப் போகும்போதெல்லாம் வரைவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஏழெட்டு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: மெனக்கெட்டு முகம் வரைந்த பக்கங்கள் பெரும்பாலும் தோல்வி. தோள், முதுகு, உட்கார்ந்திருக்கும் விதம் என்று அவசரமாகக் கிறுக்கிய பக்கங்களைப் பார்த்துத்தான் வீட்டில் ‘ஐயோ, அப்படியே சித்தப்பா!’ என்று சிரிக்கிறார்கள். அதனால் என் பதில் முழுக்க அந்தப் பக்கமே சாயும். முகத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

யோசித்துப் பாருங்கள். கூடாரத்திலிருந்து நூறு அடி தள்ளி ஒருவர் நடந்து வருகிறார். கண், மூக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அத்தை வருகிறார் என்று சொல்லிவிடுகிறோம். ஒரு பக்கம் சாய்ந்த நடை, முழங்கையை விரித்து வைத்துக்கொள்ளும் பழக்கம், கழுத்தை முன்னால் நீட்டுவது, இவற்றில் எதையோ கண் பிடித்துவிடுகிறது. சாயல் என்கிறோமே, அதில் பாதிக்கு மேல் உடம்பில் இருக்கிறது. முகத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஆளே மாறிவிடுவார். முதுகில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் ஆள் தப்பமாட்டார். தொடங்குகிறவருக்கு இது பெரிய சலுகை.

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 17ஆம் நூற்றாண்டில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் கிறுக்கிய சிறிய படம் ஒன்று உண்டு. இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்கு நடை பழக்குகிறார்கள். மொத்தம் எத்தனை கோடு என்று எண்ணிவிடலாம் போலிருக்கும். ஆனால் வயதானவள் யார், இளையவள் யார் என்பதில் சந்தேகமே வராது. குனிந்த முதுகு சொல்லிவிடுகிறது. கிளம்புவதற்கு முன் அந்தப் படத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். அதற்குமேல் பயிற்சி வகுப்பு எதுவும் அவசரமாகத் தேவையில்லை.

பொருள்களை முடித்துவிடுகிறேன். ஏ5 அளவில் (ஏ4 தாளில் பாதி) கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று. பெரிய நோட்டு கொண்டுபோனால் அது கூடாரத்துக்குள்ளேயே கிடக்கும். தாளின் கனம் 190 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் இருக்கட்டும். 300 இருந்தால் வண்ணம் தீட்ட இன்னும் நல்லது. மெல்லிய தாளில் ஈரம் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். 2பி பென்சில் ஒன்று, 0.3 அல்லது 0.5 மில்லிமீட்டர் முனையுள்ள வாட்டர்ப்ரூஃப் கறுப்புப் பேனா ஒன்று, சிறிய வாட்டர்கலர் பெட்டி, கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் வாட்டர்பிரஷ், பழைய பருத்தித் துணி, காற்றில் தாள் பறக்காமலிருக்க இரண்டு கிளிப். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ரப்பர் கையில் இருந்தால் நாலு நாளும் ஒரே மூக்கை அழித்துக்கொண்டிருப்பீர்கள். பேனாவை மட்டும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். நோட்டின் கடைசித் தாளில் ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, ஈரத் தூரிகையால் தேயுங்கள். மேலே வாட்டர்ப்ரூஃப் என்று அச்சிட்டிருந்தாலும் சில பேனாக்கள் சில தாள்களில் கரைகின்றன.

வண்ணம் இவ்வளவு எளிதாகச் சட்டைப்பைக்குள் வந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வண்ணம் அடைக்கும் மூடி போட்ட உலோகக் குழாயை 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்தார். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப் போவார்கள். வேண்டும்போது ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். வெளியிலே போய் வரைவது இதனால்தான் அவ்வளவு நாள் பெரும்பாடாக இருந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் வேறொன்று இருக்கிறது: கொசுவிரட்டி. டீட் என்ற ரசாயனம் கலந்த கொசுவிரட்டி சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கையில் தடவிக்கொண்டு அப்படியே வண்ணப் பெட்டியைத் திறந்தேன். மூடியில் என் கட்டைவிரல் ரேகை முத்திரை குத்தினதுபோல இன்றைக்கும் இருக்கிறது. சன்ஸ்கிரீனும் லேசுப்பட்டதில்லை. எண்ணெய் விரல் பட்ட இடத்தில் வாட்டர்கலர் ஒட்டாது. ஒருமுறை வானம் முழுக்க நீலம் தீட்டிவிட்டுப் பார்த்தால் நடுவே நான்கு வெள்ளை முட்டைகள். பலூனா என்று கேட்டாள் அக்கா மகள். பலூன்தான் என்று சொல்லிவிட்டேன். கையைக் கழுவிவிட்டு வரைய உட்காருங்கள், அவ்வளவுதான்.

சரி, ஆளுக்கு வருவோம்.

உட்கார்ந்திருக்கும் ஒருவரை வரையும்போது மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? முதுகெலும்பு எப்படி வளைகிறது? எடை எங்கே விழுகிறது? முதல் முப்பது வினாடியில் இந்த மூன்றும் தாளில் வந்துவிட வேண்டும். தலைக்கு ஒரு முட்டை, முதுகுக்கு ஒரு கோடு, இடுப்பு எங்கே நாற்காலியில் புதைகிறதோ அங்கே ஓர் அழுத்தம். ஆள் எழுந்து போனாலும் இதை வைத்துக்கொண்டு மீதியை நினைவிலிருந்து போடலாம். சட்டையின் பொத்தான், கண்ணாடி, தொப்பி எல்லாம் அப்புறம் வரும்.

கேம்ப்பில் மடக்கு நாற்காலி இருக்குமே, அது வரைகிறவருக்கு வரம். அதன் துணி தொய்ந்து ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். இடுப்பைவிட முழங்கால் உயரமாகப் போய்விடும். அதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறார்கள். எங்கள் பெரியப்பா எந்த நாற்காலியிலும் முழுதாகச் சாய மாட்டார். தொய்ந்த துணியிலும் விளிம்பிலேயே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தொடைமேல் வைத்து, யாரோ கூப்பிட்டதும் எழப்போகிறவர் மாதிரி இருப்பார். அவர் தம்பி அதே நாற்காலியில் உட்கார்ந்தால் கழுத்துவரை உள்ளே போய்விடுவார். வெளியே தெரிவது தொப்பியும் இரண்டு முழங்காலும்தான். இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரு புள்ளிகூட வைக்காமல் அடுத்தடுத்து வரைந்திருக்கிறேன். யார் யாரென்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அசையாமல் இருங்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்ன நொடியில் முதுகு விறைத்துவிடும், உதட்டில் போட்டோ சிரிப்பு வந்துவிடும். அதற்குப் பதில் திரும்பத் திரும்ப ஒரே அசைவு வருகிற வேலைகளைத் தேடுங்கள். கூடார முளை அடிப்பது, காற்று மெத்தைக்குப் பம்ப் அடிப்பது, காய் நறுக்குவது, தலை வாரிவிடுவது, சீட்டாட்டம். கை போன இடத்துக்கே திரும்ப வரும். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு உருவங்களைத் தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது ஒன்று, வியர்வை துடைக்கும்போது ஒன்று. ஆள் எந்த நிலைக்குத் திரும்புகிறாரோ அந்த உருவத்துக்கு நீங்களும் தாவிப் போய் இரண்டு கோடு சேர்க்க வேண்டும். கால் மணி நேரத்தில் மூன்றில் ஒன்றாவது தேறிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் ஓடுகிறார்கள் என்பதைவிடப் பெரிய சிக்கல் அளவு. கை தன்னையறியாமல் சின்னப் பெரியவரை வரைந்துவிடும். வளர்ந்த ஆளின் உயரம் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை. பிறந்த குழந்தை நான்கு தலை. இரண்டு வயதில் ஐந்து, ஆறு வயதில் ஆறு என்று கணக்கு வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது. முகத்திலும் அப்படித்தான். பெரியவர்களுக்குக் கண் இருப்பது தலையின் சரிபாதியில் (நெற்றிக்கு மேலே இருக்கும் மண்டையை மறந்துவிட்டுப் பலர் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறார்கள்). குழந்தைக்குப் பாதிக்கும் கீழே. இந்த ஒன்றைச் சரியாக வைத்தாலே, மூக்கு வாய் இல்லாவிட்டாலும் அது குழந்தையாகத் தெரியும். நிதானமாக வரைய வேண்டுமென்றால் மதியத் தூக்கத்துக்குக் காத்திருங்கள். கூடார வாசல் துணி வழியாக வெளிச்சம் வடிந்து வரும். ஒரு கால் போர்வைக்கு வெளியே கிடக்கும். இருபது நிமிடம் யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். என் நோட்டுகளில் விழித்திருக்கும் குழந்தைகளைவிடத் தூங்கும் குழந்தைகள்தான் அதிகம்.

இப்போது நீங்கள் தனியாகக் கேட்ட இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கட்டும் விஷயத்துக்கு வருகிறேன். மனிதர்களைத் தனியாகவும் மலையைத் தனியாகவும் வரையப் பழகிவிட்டு, பிறகு இரண்டையும் ஒரே தாளில் வைத்தால், ஆட்கள் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி மிதப்பார்கள். காரணம் கண்மட்டம், அதாவது உங்கள் கண் இருக்கும் உயரம், தாளில் பிசகுவது. தாளில் முதலில் போட வேண்டிய கோடு உங்கள் கண்மட்டக் கோடு. ஏரியோ சமவெளியோ விரிந்து கிடந்தால் தொடுவானமே அந்தக் கோடு. மலை மறைத்தால் பென்சிலைக் கிடைமட்டமாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அது எந்த மரத்தை, எந்தப் பாறையை வெட்டுகிறதோ அங்கேதான் கோடு.

இதில் உள்ள வேடிக்கை இது. தட்டையான தரையில் நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டின்மேலேயே இருக்கும். ஐந்தடி தள்ளி நிற்பவருக்கும் அப்படித்தான், கரையோரத்தில் எறும்பாகத் தெரிபவருக்கும் அப்படித்தான். தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறி வரும், தலை இறங்காது. தூரத்து ஆளைச் சின்னதாக்கித் தரையில் கீழே வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படி வைத்தால் அவர் பள்ளத்தில் நிற்பவராகவோ பொம்மையாகவோ ஆகிவிடுவார்.

நாற்காலியில் உட்கார்ந்து வரைகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். நிற்கும் பெரியவர்களுக்கு அது இடுப்பு மட்டம். ஆகவே தாளில் எந்தத் தூரத்தில் ஆளை நிறுத்தினாலும் தொடுவானக் கோடு அவர் இடுப்பு வழியாகத்தான் போக வேண்டும். நான்கு வயதுக் குழந்தையின் உயரமும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆகவே அந்தக் குழந்தை எங்கே ஓடினாலும் அதன் உச்சந்தலை கோட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாள் சாயங்காலமே இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரே ஒரு கிடைக்கோடு போட்டு, அதில் ஆறேழு பேரை வெறும் குச்சி உருவமாக, சிலரைப் பெரிதாகவும் சிலரைச் சிறிதாகவும், ஆனால் எல்லோருடைய இடுப்பும் கோட்டில் படும்படி நிறுத்துங்கள். வேறெதுவும் வரையாமலே தாளில் தரை விரிந்துவிடும். நான் முதல்முறை செய்தபோது ஏதோ கண்கட்டு வித்தை மாதிரிதான் இருந்தது. கரை சரிவாக இருந்தால் கீழே நிற்பவர்கள் கோட்டுக்குக் கீழே இறங்குவார்கள். எவ்வளவு இறங்குகிறார்கள் என்பதை வைத்தே சரிவும் தெரியும்.

மலை, ஏரி, மரம் எல்லாம் இதற்குப் பிறகு அவ்வளவு மிரட்டாது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இலை, கல், அலை என்ற விவரமெல்லாம் மங்கி, மூன்றே அடுக்குத் தெரியும்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கட்டம் போட்டு அந்த மூன்றையும் பென்சிலால் நிரப்பிவிட்டுப் பிறகு பெரிய படத்துக்குப் போங்கள். தீப்பெட்டியில் நன்றாக இல்லாத காட்சி முழுப் பக்கத்திலும் நன்றாக வராது.

வெயில் காத்திருக்காது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அரைமணி நேரத்தில் மரநிழல் கூடாரத்தை விட்டுத் தாண்டிப் போய்விடும். நிழலைத் துரத்திக்கொண்டு திருத்தித் திருத்தி வரைந்தால் படத்தில் காலை ஒன்பது மணியும் பதினொன்றும் ஒன்றாகக் கிடக்கும். உட்கார்ந்ததுமே நிழல்களின் விளிம்பைக் கோடாகப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வெளிச்சம் எப்படி மாறினாலும் போட்ட கோட்டை நம்புங்கள். ஒரு படத்துக்கு முப்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனுக்கு அருகே ஹாம்ப்ஸ்டெட் மேட்டிலிருந்து மேகங்களை மட்டுமே சின்னச் சின்னத் தாள்களில் வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்று எந்தத் திசை என்றெல்லாம் குறிப்பு எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஓவியருக்கே மேகம் நிற்கவில்லை.

நோட்டும் உங்கள் தலையும் நிழலில் இருக்கும்படி உட்காருங்கள். தாள்மேல் நேர் வெயில் அடித்தால் கண் கூசும், தீட்டும் வண்ணமெல்லாம் பளிச்சென்று தெரிவதால் தேவைக்குமேல் கறுக்கப் பூசிவிடுவோம். வீட்டுக்கு வந்து விரித்தால் படம் மந்தமாக இருக்கும். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுவதும் நல்லது.

வண்ணத்தில் கோடைக்காலத்தின் வில்லன் பச்சை. பெட்டியில் இருக்கும் தயார்ப் பச்சையை அப்படியே பூசினால் காடு முழுக்கப் பிளாஸ்டிக் செடியாகிவிடும். அல்ட்ராமரீன் நீலத்தையும் ஏதாவது ஒரு மஞ்சளையும் கலந்து, பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பைத் துளி சேருங்கள். பக்கத்து மரத்துக்கு மஞ்சள் தூக்கல், தூரத்துக்கு நீலம் தூக்கல். தூரத்து மலையும் காடும் நீலமாக வெளுத்துத் தெரிவது இடையில் இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால். லியனார்டோ டா வின்சி இதைக் கவனித்து எழுதியே வைத்திருக்கிறார். ஆகவே ஒவ்வொரு மலையடுக்குக்கும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனால் போதும், ஆழம் தானாக வரும். வாட்டர்கலர் காய்ந்ததும் வெளுக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு பூசுங்கள்.

ஏரியில் தெரியும் பிம்பத்தை மலையின் தலைகீழ் நகலாக வரையாதீர்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கண்ணை வைத்துப் பார்த்ததுபோலத்தான் பிம்பம் இருக்கும். படகின் அடிப்பகுதி, படகுத்துறைப் பலகையின் கீழ்ப்பக்கம் எல்லாம் நேரில் தெரியாது, பிம்பத்தில் தெரியும். கரையோரத்தில் குழந்தை நிற்கும்போது அதன் பின்னால் இருக்கும் மலை பிம்பத்தில் காணாமலே போகலாம். இன்னொன்று, கறுப்பான பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளுத்தும் வெளிறிய பொருளின் பிம்பம் கொஞ்சம் கறுத்தும் இருக்கும். பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே, உங்களை நோக்கி விழும். நிழல் மாதிரி சரிந்து போகாது.

சாயங்காலத்துக்கு ஒரு குறிப்பு. கையை முழுதாக நீட்டி, விரல்களைப் படுக்கவைத்து, சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் இடையே எத்தனை விரல் கொள்கிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்கு ஏறக்குறைய கால் மணி நேரம். நான்கு விரல் என்றால் மறைய ஒரு மணி நேரம் இருக்கிறது. அன்றைக்கு ஒரு படம்தான் நிதானமாக வரைய முடியும் என்றால் இந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். நீண்ட நிழல் தரையின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். எல்லோரும் அலைந்து களைத்து உட்கார்ந்தும் இருப்பார்கள். இருட்டத் தொடங்கினால் வண்ணத்தை மூடி வையுங்கள். அந்திக் கருக்கலில் கண் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தைப் பிரகாசமாகவும் பார்க்கும். இதைக் கவனித்துச் சொன்ன செக் நாட்டு விஞ்ஞானியின் பெயரால் பர்கிஞ்சி விளைவு என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் சிவப்பு என்று நினைத்து எதையோ தொட்டு எதையோ பூசிவிடுவோம். ஹெட்லேம்ப்பில் சிவப்பு விளக்கு இருந்தால் அது கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காது, பென்சிலுக்கு அதுவே போதும். ஆனால் சிவப்புப் பென்சில் மட்டும் வேண்டாம். அந்த வெளிச்சத்தில் கோடே தெரியாது. நான் ஒரு பக்கம் முழுக்கக் காற்றில் வரைவதுபோல வரைந்திருக்கிறேன்.

கேம்ப்பில் மூட்டிய நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கும் காட்சியை எல்லோரும் ஒருமுறையாவது முயல்வார்கள். நெருப்பை வரையாதீர்கள், சுற்றியிருக்கும் இருட்டை வரையுங்கள். நெருப்பின் நடு, வெறும் வெள்ளைத் தாள். அதன் விளிம்பில் இளமஞ்சள், பிறகு ஆரஞ்சு, அதை ஒட்டியே ஆகக் கறுத்த இருட்டு. நெருப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வெளிச்சம் கீழிருந்து அடிக்கும்: தாடையின் அடி, மூக்கின் அடி, புருவத்தின் கீழ்ப்பக்கம். இந்தப் பக்கம் உங்களுக்கு முதுகு காட்டி இருப்பவர்கள் முழுக் கறுப்பு, தோள் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய ஆரஞ்சுக் கோடு. பாருங்கள், இங்கேயும் முதுகுதான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

வரைவதைவிடக் கடினமான இடம் வீட்டு மனிதர்களின் மனசு. பதின்வயதில் ஒரு பிள்ளை ‘என்னை வரையாதே’ என்றால் விட்டுவிடுங்கள், தூரத்துப் புள்ளியாகக்கூட வேண்டாம். வயதானவர்கள் வேறு விதம். என் சித்தி ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டு, ‘நான் இவ்வளவு கூனா?’ என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். அன்று முழுக்க அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார், எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. இப்போது வயதானவர்களை வரையும்போது பெரும்பாலும் கைகளை வரைகிறேன். நறுக்கும் கை, ஊசி கோக்கும் கை, பேரக்குழந்தையின் முதுகில் தட்டும் கை. அதைப் பார்த்து யாரும் வருத்தப்பட்டதில்லை. சின்னப் பிள்ளைகளோ நோட்டையே பிடுங்குவார்கள். அவர்களுக்கென்று பத்துப் பக்கத்தைப் பின்னாலிருந்து ஒதுக்கிவிடுங்கள். என்னுடைய ஒரு நோட்டில் நான்கு வயதுப் பையன் வரைந்த என் படம் இருக்கிறது: பெரிய கண்ணாடி, அதற்குள் கண் இல்லை, ஒரு கையில் மட்டும் பதினோரு விரல். நான் எண்ணிப் பார்த்தேன். பென்சில் பிடித்த கை அது.

‘என்னை வரை, என்னை வரை’ என்று வரிசை கட்டினால் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சொல்லி போனில் அலாரம் வைத்துவிடுங்கள். அலாரம் அடித்ததும் பேனாவை எடுத்துவிட வேண்டும், யாராக இருந்தாலும். பாதியில் நின்ற படத்துக்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், யார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். அப்போது யாராவது சொன்ன வாசகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514 மார்ச்சில் தன் அம்மாவைக் கரியால் வரைந்தார். அம்மாவுக்கு அப்போது 63 வயது. கழுத்து நரம்பும் குழிந்த கன்னமுமாக, எதையும் மழுப்பாத படம். இது ஆல்பிரெக்ட் டியூரரின் தாய், வயது 63 என்று தாளிலேயே எழுதி வைத்தார். இரண்டு மாதத்தில் அவர் இறந்துபோனார். இறந்த விவரத்தையும் மகன் அதே தாளில் பிறகு சேர்த்து எழுதினார். அந்த எழுத்து இல்லாமல் அந்தப் படத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வண்ணத் தண்ணீரை ஏரியில் ஊற்றாதீர்கள். காட்மியம், கோபால்ட் கலந்த வண்ணங்கள் நீர்வாழ் உயிர்களுக்கு நல்லதில்லை. தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளித்தான் கழுவிய நீரைக் கொட்ட வேண்டும் என்பது கேம்ப் போகிறவர்கள் பொதுவாகப் பின்பற்றும் விதி. வாட்டர்பிரஷ் வைத்துக்கொண்டால், துணியில் துடைத்தே சமாளித்துவிடலாம், கொட்ட எதுவும் இருக்காது. பென்சில் படங்கள் நோட்டு மூடியிருக்கும்போது எதிர்ப்பக்கத்தில் தேய்ந்து அழுக்காகும். இடையில் ஒரு மெல்லிய தாளை வைத்து ரப்பர்பேண்ட் போட்டுவிடுங்கள். ஈரப் பக்கத்தை மூடி அழுத்தினால் இரண்டு பக்கமும் போச்சு. சாயங்காலக் காற்றில் ஈரம் இருந்தால் காய ரொம்ப நேரம் எடுக்கும் என்பதால், கடைசிப் படத்தை இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடப் பாருங்கள்.

கடைசி நாள் காலையில் யாரும் உங்களுக்காக உட்கார மாட்டார்கள். போர்வை மடிப்பது, பை தேடுவது, ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று கத்துவது என்று ஒரே அமளியாக இருக்கும். எல்லோரும் குனிந்து நிமிர்ந்து ஏதாவது தூக்கிக்கொண்டிருப்பார்கள். நாலு நாள் கை பழகியிருக்கும், அதனால் அன்றைக்குத்தான் கோடு தயக்கமில்லாமல் விழும். வண்டியில் சாமான் ஏற்றும் நேரத்தில் உங்கள் பங்கு வேலையை முதல் ஆளாக முடித்துவிட்டு, கூடாரம் இருந்த இடத்துக்கு எதிரே பத்து நிமிடம் நின்றுகொள்ளுங்கள். கண்மட்டக் கோடு, குனிந்த முதுகுகள், கூடாரம் எடுத்த இடத்தில் படிந்து வெளுத்த புல். புல்லின் அந்தச் செவ்வகத்தை மட்டும் வண்ணம் தீட்டாமல் வெள்ளையாகவே விட்டுவிடலாம். வண்டியில் ஹாரன் அடிப்பதற்குள் காய்ந்துவிடும்.